தூக்கிய பழைய பிக்கப்பில் ஸ்டீயரிங் லூஸா? எங்கே தேடுவது, எதைக் கடைசியில் தொடுவது

ஸ்டீயரிங் லூஸ் என்று ஒரு வண்டி பட்டறைக்குள் வந்தால் நான் முதலில் கேட்பது, "பாக்ஸ் ஸ்க்ரூவை யாரும் முறுக்கினாங்களா?" என்பதைத்தான். "ஆமாண்ணே, ரெண்டு தடவை முறுக்கியாச்சு. ஒரு வாரம் நல்லா இருக்கு, அப்புறம் பழையபடி ஆயிருது" என்று பெரும்பாலும் பதில் வரும். அந்த ஒரு வாரம்தான் ஆளை ஏமாற்றுகிறது. ஸ்டீயரிங் வீலின் சுற்றலைச் சக்கரத்தின் திருப்பமாக மாற்றுகிற பல்பெட்டியான ஸ்டீயரிங் பாக்ஸும் தேயத்தான் செய்யும். ஆனால் ஸ்டீயரிங் வீலுக்கும் டயருக்கும் நடுவில் ஆட்டம் விழக்கூடிய இடம் பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன. எண்ணெயில் மூழ்கி, மூடிய பெட்டிக்குள் இருக்கிற பாக்ஸ்தான் அவற்றில் மெதுவாகத் தேய்கிறது. கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு ஸ்க்ரூ இருப்பதால் எல்லாரும் அங்கேயே கை வைக்கிறார்கள்.

உச்சிப்புளிப் பக்கம் எங்களிடம் வருகிற பிக்கப்புகளில் பாதி, மீனும் ஐஸும் ஏற்றுகிறவை. தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ஏர்வாடி என்று கரையோரம் முழுக்க ஓடுகிற வண்டிகள். மணலில் இறங்க வேண்டும், உப்பளப் பாதையில் போக வேண்டும் என்று இரண்டு மூன்று அங்குலம் தூக்கி, பெரிய டயர் போட்டிருப்பார்கள். முன்னாலும் கட்டை ஆக்சில் (இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டாக இணைப்பது), முன்னாலும் பட்டை ஸ்பிரிங். அந்த வகை வண்டிக்காகத்தான் இதை எழுதுகிறேன். முன்சக்கரம் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்குகிற டார்ஷன் பார் வண்டிக்குத் தேடும் முறை இதேதான் என்றாலும், அதில் மேல் கீழ் பால் ஜாயின்டுகளும் ஆர்ம் புஷ்களும் கூடுதலாகச் சேரும்.

வண்டியைத் தூக்கியவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அளவுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. எப்.சி. சமயத்தில் இது கேள்வியாக வரும்.

அடியில் படுக்கும் முன்

முதலில் காற்று. மணலில் இறங்குகிற டிரைவர்கள் டயர் காற்றை 15, 18 பவுண்டுக்கு இறக்குவார்கள். மணலுக்கு அது சரிதான். அதே காற்றோடு தார் ரோட்டில் ஏறினால் டயரின் பக்கச்சுவர் மடங்கி, வண்டி மிதக்கிற மாதிரி இருக்கும். 2017ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு, கரையில் மணல், பத்தடி தள்ளித் தார் என்று ஆகிவிட்டது. அதனால் காற்று பிடிக்க மறந்து அப்படியே ராமேஸ்வரம் வரை ஓட்டிவிட்டு, "ஸ்டீயரிங் போச்சு" என்று வருகிறவர்கள் உண்டு. டயர் ஆறிய நிலையில் நான்கிலும் காற்றைப் பாருங்கள். சீமைக் கருவேல முள் ஏறி ஒரு டயர் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தாலும் இதே உணர்வு வரும்.

அடுத்தது வெளிக்காற்று. தூக்கிய வண்டியில், பின்னால் தார்ப்பாய் கட்டிய லோடோடு, ஆனி ஆடியில் பாம்பன் பாலம் ஏறினால் சோழகக் காற்று பக்கவாட்டில் தள்ளத்தான் செய்யும். புது வண்டிக்கும் அதே கதி. பாலத்தில் மட்டும் ஆடினால் அதைப் பழுது என்று முடிவு செய்ய வேண்டாம். விடியற்காலை, காற்று எழும் முன், ராமநாதபுரம் ரோட்டில் வெறும் வண்டியை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் அலைந்தால் அடியில் வேலை இருக்கிறது.

அப்புறம் ஒரு அளவு. எஞ்சினை நிறுத்தி (பவர் ஸ்டீயரிங் என்றால் ஓடவிட்டு), முன்சக்கரம் நேராக இருக்கும்போது, ஸ்டீயரிங் வீலை ஒரு விரலால் மெதுவாக இடமும் வலமும் தள்ளுங்கள். டயர் அசையத் தொடங்கும் வரை வளையத்தின் விளிம்பு எவ்வளவு தூரம் சும்மா நகர்கிறது என்று டேப் வைத்துப் பாருங்கள். மத்திய மோட்டார் வாகன விதி 98, இந்த ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்கிறது. 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள வளையத்தில் 30 டிகிரி என்பது விளிம்பில் சுமார் 10 சென்டிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட அரைச் சாண். அது சட்டம் விடுகிற கடைசி எல்லை. என் கையில் 5 சென்டிமீட்டர் தாண்டினாலே நான் தேடத் தொடங்கிவிடுவேன். இந்த எண்ணை எழுதி வையுங்கள். வேலை முடிந்ததும் இதே இடத்தில் மறுபடி அளக்க வேண்டும்.

வளையத்தைச் சுற்றுகிறேன், வண்டி திரும்பத் தாமதமாகிறது

இதுதான் சரியான 'பிளே', அதாவது டயருக்குப் போகாத வெற்று ஆட்டம். கையின் அசைவு எந்த வழியாக டயருக்குப் போகிறது என்பதை வரிசையாக மனதில் வையுங்கள்: ஸ்டீயரிங் காலம் (வளையத்திலிருந்து கீழே இறங்கும் தண்டு), அதன் கீழே கிராஸ் ஜாயின்ட், பாக்ஸ், பாக்ஸிலிருந்து இறங்கும் டிராப் ஆர்ம், அதிலிருந்து டிராக் லிங்க், சக்கரத்துக் கையான ஸ்டீயரிங் ஆர்ம், அங்கிருந்து மறுசக்கரத்துக்கு டை ராடு. இந்த வரிசையில் எந்த இடத்தில் முன்னது அசைந்தும் பின்னது அசையவில்லையோ, அதுதான் குற்றவாளி. ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். வண்டி நான்கு டயரிலும் தரையில் நிற்கட்டும், ஜாக்கி வேண்டாம். எடை டயர் மேல் இருந்தால்தான் ஜாயின்ட் மேல் பாரம் விழும். பாரம் விழுந்தால்தான் ஆட்டம் தெரியும். தூக்கிய வண்டி என்பதால் அடியில் போக இடமும் தாராளமாகக் கிடைக்கும், அது ஒரு வசதி. பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள். ஒருவர் மேலே உட்கார்ந்து வளையத்தை இடம் வலமாகச் சின்னதாக, விடாமல் ஆட்ட வேண்டும். முழுச் சுற்று வேண்டாம், ஆட்டம் தீர்ந்து டயர் லேசாகக் கடிக்கிற அளவு போதும். கீழே இருப்பவர் டார்ச்சோடு ஒவ்வொரு இணைப்பையும் பார்க்க வேண்டும், தொட வேண்டும். விரலை ஜாயின்டின் இரண்டு பக்கமும் படுகிற மாதிரி மேலாக வையுங்கள், இடுக்குக்குள் விடாதீர்கள்.

போன ஆடியில் தொண்டிப் பக்கத்துத் தம்பி ஒருவர் வண்டி கொண்டுவந்தார். அளந்தால் 13 சென்டிமீட்டர். இரண்டு இடத்தில் பாக்ஸை முறுக்கி, புது டை ராடு எண்டும் போட்டிருந்தார்.

"இவ்வளவு செலவு பண்ணியும் போகலண்ணே. பாக்ஸையே மாத்திரலாமா?"

"மாத்தலாம் தம்பி. மொதல்ல நீங்க மேல ஏறி ஆட்டுங்க. நான் ஒரு தடவை பாத்துக்கிறேன்."

காலம் ஜாயின்ட் கெட்டியாக இருந்தது. டிராப் ஆர்ம் ஸ்பிளைன் (பாக்ஸ் தண்டில் பல் பிடித்து உட்காரும் இடம்) கெட்டி. டிராக் லிங்க் எண்டில் கொஞ்சம் ஆட்டம், அது இவ்வளவு காட்டாது. பிறகு உள்ளங்கையைப் பாதி பாக்ஸின் மேலும் பாதி சேஸிஸின் மேலும் படுகிற மாதிரி வைத்தேன். அவர் வளையத்தை இடப்பக்கம் தள்ளும்போதெல்லாம், கையின் ஒரு பாதி தீக்குச்சி கனத்துக்கு மேலே எழும்பி இறங்கியது. பாக்ஸ் மொத்தமும் சேஸிஸை விட்டு நகர்கிறது! டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனால் பிராக்கெட்டின் ஓரம் சிவப்பாக, வெற்றிலைச் சாறு வழிந்து காய்ந்த மாதிரி ஒரு கோடு. போல்ட் தலையைச் சுற்றி மிளகாய்த்தூள் போலத் துருப்பொடி. இரும்பும் இரும்பும் உரசுகிற இடத்தில்தான் அந்தப் பொடி கொட்டும். சும்மா நின்று துருப்பிடித்தது செதில் செதிலாக ஒட்டிக்கொண்டிருக்கும். அசைந்து துருப்பிடித்தது பொடியாக உதிரும். இந்தக் கரையில் எல்லா வண்டியிலும் துரு இருக்கிறது, அதனால் இந்த வித்தியாசத்தைக் கண் பழக்கிக்கொள்ள வேண்டும்.

அந்த இடத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவி, ஐந்து நிமிஷம் விட்டு, துணியால் நன்றாகத் துடைத்து, சாக்பீஸைப் பொடித்துத் தடவினேன். விரிசலுக்குள் போன எண்ணெய் மெதுவாக வெளியே கசிந்து, வெள்ளைப் பொடியில் மயிரிழைக் கோடாக எழுந்தது. போல்ட் ஓட்டையிலிருந்து கீழ்நோக்கி மூன்று அங்குலம். பெரிய டயர் போட்டால் அதைத் திருப்ப பாக்ஸ் அதிகம் தள்ள வேண்டும். தூக்கியதால் டிராக் லிங்க் சரிவாகி, நேராகத் தள்ள வேண்டிய விசை பாக்ஸை மேலும் கீழும் பிடுங்குகிறது. உப்பு அந்தத் தகட்டைப் பாதியாக அரித்து வைத்திருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் தகடு கிழியாமல் என்ன செய்யும்?

இதற்குப் பாக்ஸை இறக்க வேண்டும். விரிசலின் முனையில் ஒரு சிறு துளை போட்டு அது மேற்கொண்டு ஓடாமல் நிறுத்தி, விரிசல் நெடுக கிரைண்டரால் பள்ளம் எடுத்து, நல்ல இரும்பு தெரியும் வரை துருவை நீக்கி, தெரிந்த கையால் வெல்டிங் வைத்து, மேலே தகடு போட்டுப் பலப்படுத்த வேண்டும். பெட்டி மாதிரி மூடிய சேஸிஸ் என்றால் போல்ட் போகும் வழியில் உள்ளே ஒரு குழாய்த் துண்டு நிற்க வேண்டும். அது இல்லாமல் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் சேஸிஸ்தான் நசுங்கும், போல்ட் இறுகாது. சேஸிஸில் வெல்டிங் வைக்கலாம். ஆனால் டிராப் ஆர்ம், டிராக் லிங்க், ஸ்டீயரிங் ஆர்ம் இவற்றில் வெல்டிங் வைப்பதோ, சூடாக்கி வளைப்பதோ கூடவே கூடாது. அது ஓடும்போது ஒடிந்தால் வண்டியைப் பிடிக்க வேறொன்றும் இல்லை. இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

பாக்ஸ் கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது என்றால் வரிசையில் மற்றவற்றைப் பாருங்கள். டை ராடு எண்டிலும் டிராக் லிங்க் எண்டிலும் உள்ளே உருண்டை தேய்ந்திருந்தால், பின் அசைந்த பிறகுதான் கூடு அசையும். ரப்பர் தொப்பி கிழிந்திருந்தால் கிரீஸோடு மணல் கலந்து அரைத்திருக்கும். அதை மாற்றத்தான் வேண்டும், கிரீஸ் அடித்துப் பயனில்லை. சில நேரம் உருண்டை நன்றாக இருக்கும், கூம்புப் பின் உட்கார்ந்திருக்கிற ஓட்டை முட்டை வடிவில் தேய்ந்திருக்கும். அங்கே புது எண்ட் போட்டாலும் ஆடும், ஆர்மையே மாற்ற வேண்டும். நட்டை இறுக்கிய பிறகு ஸ்பிளிட் பின் ஓட்டை நேராக வரவில்லை என்றால் அடுத்த பள்ளம் வரை இறுக்குங்கள், ஒருபோதும் பின்னால் தளர்த்தாதீர்கள்.

ஸ்பிரிங்கைத் தொடாமல் பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் கட்டை வைத்துத் தூக்கிய வண்டிகள் உண்டு. அவற்றில் ஸ்டீயரிங் காலம் பாடியோடு மேலே போய்விடும், பாக்ஸ் சேஸிஸோடு கீழே நிற்கும். நடுவில் உள்ள ஷாஃப்ட் இழுபட்டு, ஒன்றுக்குள் ஒன்று போயிருக்கிற நீளம் குறைந்திருக்கும். எவ்வளவு உள்ளே பிடித்திருக்கிறது, கிளாம்ப் போல்ட் பள்ளத்தில் விழுந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நுனியில் தொங்கிக்கொண்டிருந்தால் வண்டியைக் கிளப்ப வேண்டாம்.

ஆட்டம் இல்லை, ஆனால் நேர் ரோட்டில் வண்டி அலைகிறது

டேப் வைத்து அளந்தால் 3 சென்டிமீட்டர்தான். ஆனாலும் 60க்கு மேல் ஒவ்வொரு நொடியும் வளையத்தைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். தூக்கிய வண்டியில் இதற்கு நான் முதலில் பார்ப்பது காஸ்டர். பாரம் தள்ளுகிற தள்ளுவண்டியில் சுழலும் சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். எப்படி நின்றாலும், தள்ளத் தொடங்கியதும் பின்னால் விழுந்து தானாக நேராகும். முன்சக்கரம் திரும்புகிற கிங் பின்னின் மேல்முனை கொஞ்சம் பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் அதே வேலை வண்டியிலும் நடக்கும். பழைய வில்லிஸ் ஜீப்புக்கு அந்தச் சாய்வு 3 டிகிரி. உங்கள் வண்டிக்குரிய அளவைக் கையேட்டில் பாருங்கள்.

ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஆடும் துண்டுதான் ஷாக்கிள். நீளமான ஷாக்கிள் போட்டுத் தூக்கினால் இந்தச் சாய்வு மாறும். முன் ஸ்பிரிங்கின் ஷாக்கிள் முன்பக்கம் இருந்தால் காஸ்டர் குறையும். பின்பக்கம் இருந்தால் கூடும். ஆகவே ஒரு வண்டிக்கு ஒத்துவந்த ஷாக்கிள் இன்னொரு வண்டியைக் கெடுக்கும். சமதளத்தில் நிறுத்தி, கிங் பின் மூடியின் தட்டையான முகத்தில் கோணமானி வைத்து இரண்டு பக்கமும் பாருங்கள். மூடியின் முகம் பின்னுக்குச் செங்குத்தாக இருக்கிற வண்டியில் மட்டும்தான் இது சரிவரும்.

குறைந்திருந்தால் ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் இரும்பு ஆப்புத் தகடு வைத்துத் திருத்தலாம். இங்கேதான் நிறையப் பேர் தலைகீழாக வைத்துவிடுகிறார்கள். பட்டை ஆக்சிலுக்கு மேலே இருந்தால் ஆப்பின் தடித்த பக்கம் பின்னால் வர வேண்டும். பட்டை ஆக்சிலுக்குக் கீழே இருந்தால் தடித்த பக்கம் முன்னால். அலுமினிய ஆப்பு நசுங்கிப் பிதுங்கும், இரும்பே போடுங்கள். நாலு சக்கர ஓட்ட வண்டி என்றால் ஆக்சிலைச் சாய்க்கும்போது முன் புரப்பெல்லர் ஷாஃப்டின் கோணமும் மாறும். அதிகம் போனால் அங்கே கிராஸ் அடிபடும்.

காஸ்டர் சரி என்றால் டோ, அதாவது முன்சக்கரங்கள் உள்ளே பார்க்கின்றனவா வெளியே பார்க்கின்றனவா என்பது. இதற்குக் கருவி வேண்டாம். இரண்டு முன்டயரின் நடுவிலும், பின்புறம் ஆக்சில் உயரத்தில், சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்து நடுத்தூரத்தை அளங்கள். புள்ளிகள் முன்புறம் அதே உயரத்துக்கு வரும் வரை வண்டியை முன்னோக்கித் தள்ளி மறுபடி அளங்கள். முன் அளவு 2, 3 மில்லிமீட்டர் குறைவாக இருந்தால் நல்லது. கூடுதலாக இருந்தால் சக்கரங்கள் வெளியே பார்க்கின்றன, வண்டி அலையும், டயரும் தேயும்.

அடுத்து ஷாக்கிள் புஷ், அதாவது ஷாக்கிள் முனையில் இருக்கிற ரப்பர். இருவர் சோதனையில் ஆக்சிலைப் பாருங்கள்: வளையத்தை ஆட்டும்போது சக்கரம் திரும்பும் முன் ஆக்சில் மொத்தமும் பக்கவாட்டில் நகர்ந்தால் புஷ் போய்விட்டது. துருவுக்குப் பயந்து அடிப்பக்கம் முழுக்கப் பழைய எஞ்சின் ஆயிலை அடிக்கிற வழக்கம் நம் பக்கம் இருக்கிறது. சேஸிஸுக்கு நல்லது, ரப்பர் புஷ்ஷை அது ஊற வைத்துக் கொன்றுவிடும். புஷ், ரப்பர் தொப்பி இருக்கிற இடங்களை விட்டுவிட்டு அடியுங்கள். கடல் பக்கம் போய் வந்த அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் கழுவுவதற்கு ஈடு எதுவும் இல்லை. ஐஸ் பெட்டியிலிருந்து சொட்டுகிற மீன் தண்ணீரும் உப்புத் தண்ணீர்தான்.

பள்ளத்தில் விழுந்தால் தானாக ஒரு பக்கம் வெட்டுகிறது

எஞ்சினை நிறுத்தி, ஸ்டீயரிங் லாக் விழாமல், வளையத்தைச் சும்மா விடுங்கள். மூன்று பேர் முன் பம்பரில் ஏறி மேலும் கீழும் அமுக்கட்டும். வளையம் தானாக இடமும் வலமும் போய் வந்தால் காரணம் டிராக் லிங்கின் சரிவு. ஆக்சில் ஏறி இறங்கும்போது ஒரு வளைவில் போகிறது, டிராக் லிங்கின் நுனி வேறொரு வளைவில் போகிறது. லிங்க் தரைக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருந்தவரை இரண்டும் ஒட்டிப் போயின. வண்டியைத் தூக்கியதும் பாக்ஸ் மேலே போய், லிங்க் ஏணி மாதிரி சாய்ந்துவிட்டது. அதனால் ஒவ்வொரு பள்ளமும் ஒரு திருப்பம் ஆகிறது.

இதற்கு அதிகம் கீழிறங்கிய டிராப் ஆர்ம் போடலாம், அல்லது சக்கரத்து ஆர்மை உயர்த்தலாம். இடம் இருந்தால் இரண்டாவதே நல்லது. நீண்ட டிராப் ஆர்ம் பாக்ஸையும் பிராக்கெட்டையும் இன்னும் பிடுங்கும், தொண்டித் தம்பி வண்டியில் பார்த்தது அதுதான். எதுவும் கிடைக்கவில்லை என்றால் ஓர் அங்குலம் இறக்கிவிடுவதே புத்தி. மூன்று அங்குலம் தூக்கி ஸ்டீயரிங்கைக் கெடுப்பதைவிட, இரண்டு அங்குலம் தூக்கி நேராக ஓடுவது மேல்.

தூக்கிய பிறகு வளையம் கோணலாக நிற்கிறது என்று, அதைக் கழற்றி ஸ்பிளைனில் நேராக மாட்டிவிடுவார்கள். செய்யாதீர்கள். பாக்ஸ் சரி நடுவில்தான் இறுக்கமாக இருக்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. இரண்டு ஓரத்திலும் தளர்வு அதிகம். வளையத்தை மட்டும் நேராக்கினால் பாக்ஸ் நடுவை விட்டு விலகிய இடத்திலேயே ஓடும், நேர் ரோட்டில் ஆட்டம் கூடும். டிராக் லிங்கின் நீளத்தைத் திருகி நேராக்குங்கள்.

ஒரு வேகத்தில் முன்பக்கம் மொத்தமும் உதறுகிறது

பாலத்து இணைப்பிலோ வேகத்தடையிலோ ஏறி இறங்கியதும், 60, 70ல் வளையம் கையில் நில்லாமல் அடித்துக்கொள்ளும். முதல் தடவை பார்த்தவர்கள் சக்கரம் கழன்றுவிட்டது என்று நினைப்பார்கள். ஓடும்போது வந்தால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், வளையத்தை உறுதியாகப் பிடியுங்கள், கட்டை விரலைக் கம்பிக்குள் விடாதீர்கள், பிரேக்கை மெதுவாக மிதியுங்கள். வேகம் குறைந்தால் நின்றுவிடும். நின்றுவிட்டதே என்று லோடை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள்.

இப்போது ஜாக்கி போடலாம். மணல் தரை என்றால் ஜாக்கிக்குக் கீழே பலகை, ஆக்சிலுக்குக் கீழே ஸ்டாண்ட். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங்கா கிங் பின்னா என்று தெரிய வேண்டும்: ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங். அப்படியே இருந்தால் கிங் பின். பழைய ஜீப் வகை ஆக்சிலில் கிங் பின்னுக்கு மேலும் கீழும் பேரிங், மூடிக்கு அடியில் ஷிம் என்ற மெல்லிய தகடு. திறக்கும்போது கிரீஸ் பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, சீலையும் பேரிங்கையும் மாற்றுங்கள். பேரிங் நன்றாக இருந்து ஆட்டம் மட்டும் என்றால், ஷிம் குறைத்து லேசான இறுக்கம் வரும்வரை கொண்டுவரலாம். டயரின் இரு பக்கத்தையும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராடு.

இதெல்லாம் சரி என்றால் டயரின் பேலன்ஸ், வீக்கம், வளைந்த ரிம் பாருங்கள். ஸ்டீயரிங் டேம்பர் புதிதாகப் போட்டதும் உதறல் நின்றுவிட்டது என்று சிலர் திருப்தியாகப் போவார்கள். டேம்பர் உதறலை அமுக்கி மட்டுமே வைக்கும். தேய்ந்தது தேய்ந்துகொண்டேதான் இருக்கும்.

பிரேக் பிடித்தால் இழுக்கிறது. திரும்பினால் வளையம் திரும்பி வருவதில்லை

முதலாவதற்கு பிரேக் டிரம்மைத் திறக்கும் முன், ஆக்சிலை ஸ்பிரிங்கோடு கட்டியிருக்கிற யூ போல்டைப் பாருங்கள். பட்டைகளைக் கோத்திருக்கிற நடு போல்ட் அறுந்திருந்தால் ஆக்சில் ஒரு பக்கம் பின்னால் நழுவியிருக்கும். ஸ்பிரிங்கின் நிலையான கண் போல்டிலிருந்து ஆக்சில் நடு வரை இரண்டு பக்கமும் அளந்தால் தெரிந்துவிடும். இரண்டாவது, பெரும்பாலும் யாரோ பாக்ஸை அளவுக்கு மீறி முறுக்கியதால் வந்தது. இல்லையென்றால் கிரீஸ் இல்லாத கிங் பின், அல்லது குறைந்த காஸ்டர்.

எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது பாக்ஸ்

முதலில் எண்ணெய். பழைய மேனுவல் பாக்ஸில் கியர் ஆயில்தான் இருக்க வேண்டும். சீல் ஒழுகுகிறது என்று கிரீஸை அடைத்து வைப்பார்கள்; பல் ஓடுகிற இடத்திலிருந்து கிரீஸ் ஒதுங்கி நின்றுவிடும், பல் காய்ந்து தேயும். சீலை மாற்றுங்கள்.

டிராக் லிங்கைக் கழற்றிவிடுங்கள். வளையத்தை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை எண்ணிச் சுற்றி, சரி பாதியில் நிறுத்துங்கள். அதுதான் பாக்ஸின் உண்மையான நடு. வளையத்தை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். ஷாஃப்ட் எழும்பினால் உள்பேரிங்கின் தளர்வை முதலில் எடுக்க வேண்டும். அப்புறம்தான் அந்த ஸ்க்ரூ. லாக் நட்டைத் தளர்த்தி, எட்டில் ஒரு சுற்று மட்டும் உள்ளே திருகி, நடுவைத் தாண்டிச் சுற்றிப் பாருங்கள். நடுவில் மட்டும் ஒரு மெல்லிய பிடிப்பு கையில் தெரிய வேண்டும். தெரிந்ததும் நிறுத்துங்கள். ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டே லாக் நட்டை இறுக்குங்கள், இல்லையென்றால் அதுவும் சேர்ந்து சுற்றும். நடுவில் தளர்வு போகும் முன்பே ஓரங்களில் பிடிக்கிறது என்றால் நடுப்பல் தேய்ந்துவிட்டது. இனி முறுக்கிப் பயனில்லை, அப்போது பாக்ஸ் மாற்றலாம், மனது உறுத்தாது.

தொண்டித் தம்பி வண்டிக்கு சேஸிஸ் வேலை, ஒரு டிராக் லிங்க் எண்ட், ஷாக்கிள் புஷ் நான்கு, ஓர் அங்குலம் இறக்கம். பாக்ஸ் ஸ்க்ரூவை முன்பு முறுக்கியிருந்ததில் கொஞ்சம் வெளியேதான் எடுத்தேன். 300 கிலோமீட்டர் ஓடிவிட்டு வரச் சொன்னேன், யூ போல்டை மறுபடி இறுக்குவதற்கு. வந்தபோது எல்லா நட்டும் கால் சுற்று வாங்கின. டேப் வைத்தோம், மூன்றரை சென்டிமீட்டர். சாக்பீஸ் பொடி தடவிப் பார்த்தோம், கோடு எழவில்லை. அன்றே மண்டபத்திலிருந்து நண்டு ஏற்ற வேண்டும் என்று கிளம்பினார்.